‘வெளியிடு’ அழுத்தும் வரை யாருக்கும் தெரியாது: தீம் முன்னோட்டம் இயங்கும் விதம்

வலைத்தளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இயங்கும் வலைப்பதிவு ஒன்றில் தலைப்பின் நிறத்தை மாற்ற 2012 வரை சுற்றிவளைத்துத்தான் போக வேண்டியிருந்தது. அமைப்புகள் பக்கத்தில் நிறத்தைத் தேர்ந்து, சேமித்து, தளத்தைத் தனியே திறந்து பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் வாசகர்களும் அந்த நிறத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த ஆண்டு ஜூனில் வந்த 3.4 பதிப்பின் கஸ்டமைசர் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. இடப்பக்கம் கட்டுப்பாடுகள், வலப்பக்கம் உங்கள் தளமே. இங்கே மாற்றினால் அங்கே தெரியும். வெளியிடும் வரை வெளியாருக்குத் தெரியாது.

எழுத்தும் தோற்றமும் தனித்தனியே இருப்பதால்தான் இது முடிகிறது. பதிவுகள் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. எந்த நிறம், எந்த எழுத்துரு, எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் சிஎஸ்எஸ் என்ற தனி மொழி சொல்கிறது. 1994-இல் செர்ன் ஆய்வகத்தில் இருந்த ஹோக்கன் வியூம் லீ முன்வைத்த யோசனை அது. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பான ‘தீம்’ மாறினாலும் பதிவில் ஓர் எழுத்தும் நகராது.

வலப்பக்கம் தெரியும் முன்னோட்டம் வெறும் படம் அல்ல; பக்கத்துக்குள் பொதிந்த இன்னொரு முழுப் பக்கம். அதை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், நீங்கள் தேர்ந்த மதிப்புகள் சர்வருக்குப் போகின்றன. உங்களுக்கு அனுப்பும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதிய மதிப்புகளோடு சர்வர் தயாரிக்கிறது. அதே நொடியில் தளத்துக்கு வரும் வாசகருக்குப் பழைய பக்கமே போகிறது. இரண்டாம் வழியில் சர்வருக்கு வேலையே இல்லை. கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து முன்னோட்டத்துக்கு ஒரு சிறு செய்தி போகும். உலாவியிலேயே இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அங்கே நிறத்தை உடனே மாற்றிவிடும்.

இந்த வேக வித்தியாசம் சின்ன விஷயமல்ல. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் நம் கையே அதைச் செய்தது போலத் தோன்றும், ஒரு நொடியைத் தாண்டினால் சிந்தனையின் ஓட்டம் அறுபடும் என்று மென்பொருள்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதினார். அதனால் நிறம், எழுத்தளவு போன்றவற்றுக்கு இரண்டாம் வழியே சரி.

என்னைக் கேட்டால், வேகத்தைவிடப் பெரிய உதவி பயத்தைப் போக்குவது. எதைத் தொட்டாலும் தளம் கெட்டுவிடுமோ என்று தயங்குபவர் எதையும் முயன்று பார்க்க மாட்டார். 2016 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.7 பதிப்பு, வெளியிடாத மாற்றங்களைத் தரவுத்தளத்தில் தனிப் பதிவாகச் சேமிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த 4.9 பதிப்பில் அவற்றை வரைவாக வைத்துக்கொண்டு பிறகு தொடரலாம், குறித்த நேரத்தில் வெளியாகும்படியும் அமைக்கலாம்.

சுதந்திரம் கூடக் கூட, படிக்க முடியாத பக்கம் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. இதைக் கணக்காலேயே பிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72%, சிவப்பின் பங்கு 21%, நீலத்தின் பங்கு 7% என்று வைத்து ஒவ்வொரு நிறத்தின் ஒளிர்வையும் கணக்கிட்டு, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதத்தை எடுக்கிறார்கள். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்குக் குறையக் கூடாது என்பது உலகளாவிய வலை அணுகல் நெறி. வெள்ளைப் பின்னணியில் தூய நீலம் 8.59 பெறுகிறது, தூய மஞ்சள் 1.07-தான். #767676 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறம் தேறும், அதைவிட ஒரே படி வெளிறிய #777777 தேறாது. நிறத்தைத் தேர்ந்த அந்த இடத்திலேயே இதைச் சொல்லும் தீம் வாசகரின் கண்ணை மதிக்கிறது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்துருப் பட்டியலில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பீர்கள். வரியின் நடுவே உள்ள ஆங்கிலச் சொற்கள் மட்டும் உருமாறும், தமிழ் அப்படியே நிற்கும். உலாவி ஒவ்வொரு எழுத்துக்கும் தேர்ந்த எழுத்துருவில் வடிவம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் கணினியில் உள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று. ஆகவே நீங்கள் பார்ப்பதும் வாசகர் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. தமிழ் வடிவங்கள் உள்ள எழுத்துருக்களை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கிறது; தீம் அமைப்பிலும் அது கட்டாயம் வேண்டும்.

தீம் விற்பனைப் பக்கங்களின் மாதிரியில் அழகான படங்களும் இரண்டு சொல் ஆங்கிலத் தலைப்புகளும்தான் இருக்கும். அதை நம்பித் தேர்ந்தால், நீண்ட தமிழ்த் தலைப்பு மூன்று வரிக்கு மடங்கிப் படத்தின் மேல் ஏறும். ஆங்கிலத்துக்கு அமைத்த நெருக்கமான வரி இடைவெளியில், மேல் வரியின் ‘மூ’ காலும் கீழ் வரியின் ‘கீ’ சுழியும் முட்டிக்கொள்ளும். எனவே முன்னோட்டத்தில் உங்களுடைய மிக நீளமான தலைப்பையே ஏற்றுங்கள், முதலில் கைபேசி அகலத்தில் பாருங்கள். வரிகள் முட்டினால் வரி இடைவெளியை எழுத்தளவின் 1.6 மடங்குக்கு உயர்த்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகு நிறத்துக்குப் போகலாம்.