விஸ்கான்சினில் பிள்ளைகளை வேட்டைக்குக் கூட்டிப்போகும் விதி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டை லைசென்ஸ் வாங்குவதற்கு முன் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். வகுப்பை முடிக்காத ஒருவர் வழிகாட்டியோடு போய் வேட்டையைப் பழகிக்கொள்ளவும் இடம் உண்டு. 2009-இல் வந்த விதி அது. பெரியவர்களுக்கும் பொருந்தும் என்றாலும், அதிகம் பயன்படுவது பிள்ளைகளுக்குத்தான்.

முதலில் 10 வயது நிரம்பியிருக்க வேண்டும், இருவருக்கும் சேர்த்து ஒரே ஆயுதம் என்று இருந்தது. 2017 நவம்பரில் இரண்டு கட்டுப்பாடுகளையும் நீக்கிவிட்டார்கள். இன்று குறைந்தபட்ச வயதே இல்லை. அதனால் பிள்ளை தயாரா என்று முடிவு செய்யும் பொறுப்பு முழுக்கப் பெற்றோர் தலையில் விழுகிறது. துப்பாக்கியின் எடையைத் தாங்க முடியாத, சொன்னதும் நிற்கத் தெரியாத பிள்ளைக்குச் சட்டம் அனுமதித்தாலும் அவசரப்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வருடம் ஆயுதமில்லாமல் கூடவே நடந்து பார்க்கட்டுமே.

வழிகாட்டிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். அவர் பாதுகாப்பு வகுப்பை முடித்தவராகவோ 1973-க்கு முன் பிறந்தவராகவோ இருக்க வேண்டும். அந்த ஆண்டுக்கான விஸ்கான்சின் வேட்டை லைசென்ஸும் தேவை. பெற்றோரோ பாதுகாவலரோ அல்லாதவர் என்றால் அவர்களுடைய சம்மதம் வேண்டும்.

விதியின் உயிர்நாடி இதுதான்: வேட்டை நேரம் முழுக்க, கையை நீட்டினால் பிள்ளையைத் தொடும் தூரத்திலேயே வழிகாட்டி இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிறான், கூப்பிட்டால் கேட்கும் என்பதெல்லாம் போதாது. துப்பாக்கி முனை தவறான பக்கம் திரும்பினால் குரல் கொடுத்துப் பயனில்லை, சட்டென்று பிடித்துத் திருப்ப வேண்டும். வழிகாட்டி தானும் சுட நினைத்தால் கவனம் இரண்டாகப் பிரியும். சட்டம் இப்போது தடுக்கவில்லைதான். ஆனாலும் அன்றைக்கு அவர் தன் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வருவதே நல்லது.

வகுப்பில்தான் விலக்கு, லைசென்ஸில் இல்லை. பிள்ளை பெயரில் தனி லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். துப்பாக்கி மான் வேட்டைப் பருவத்தில் இருவரும் இடுப்புக்கு மேல் பாதிக்குக் குறையாமல் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிற உடை அணிய வேண்டும்.

அப்புறம், வகுப்பில் தேறிய 12, 13 வயதுப் பிள்ளைகளும் தனியாகப் போக முடியாது, பெரியவர் துணை கட்டாயம். வகுப்பை முடித்தவர்கள் 14 வயதிலிருந்து தனியே போகலாம்.