மஞ்சளாக எரிந்தால் ஊசியைத் தேடாதீர்கள்

மெல்போர்னில் கேஸ் ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். ஈஸ்டர் விடுமுறை நெருங்கினால் போதும், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் டெண்ட் வண்டியான கேம்பர் டிரெய்லரின் அடுப்புகளுக்காக போன் வர ஆரம்பித்துவிடும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஷெட்டில் கிடந்த வண்டியை வெளியே இழுத்து, கிளம்புவதற்கு முந்தின நாள்தான் அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பார்கள்.

அப்படி ஒருமுறை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணை, மற்ற ரெண்டும் நல்லா எரியுது. இது மட்டும் மஞ்சளா எரிஞ்சு தோசைக்கல்லெல்லாம் கரி." மற்ற இரண்டும் சரியாக எரிகிறது என்றதுமே சிலிண்டர், ரெகுலேட்டர், ஹோஸ் மூன்றும் என் சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விட்டன. கோளாறு அந்த ஒரு பர்னரில்தான்.

பர்னரைக் கழற்றி, அடியில் இருக்கும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு சிலந்திக்கூடு. கேஸ், ஜெட் என்கிற பித்தளைத் துண்டின் சின்ன ஓட்டை வழியாகச் சீறிக்கொண்டு இந்தக் குழாய்க்குள் நுழைகிறது. அந்த வேகத்தில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் கலந்து மேலே வந்து எரிந்தால்தான் தீ நீலம். குழாய் பாதி அடைத்துக்கொண்டால் வேண்டிய அளவு காற்று உள்ளே வராது. கேஸ் அரைகுறையாக எரியும். அதுதான் மஞ்சள், அதுதான் கரி. சிலந்திக்கும் மண் கூடு கட்டும் குளவிக்கும் இப்படி இருட்டான குறுகிய குழாய் என்றால் கொள்ளைப் பிரியம்.

கூட்டை எடுத்தாயிற்று. திரும்பப் பற்றவைத்தால் கொஞ்சம் குறைந்ததே தவிர மஞ்சள் போகவில்லை. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை வட்டமாக இல்லை.

"ஊசியால குத்தினீங்களா?"

"ஓம் அண்ணை. கொஞ்சந்தான்."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் அடுப்பு ரிப்பேர் செய்பவர்களே ஊசியால் குத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம். ஆனால் அந்த ஓட்டையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பித்தளையோ மெத்தென்ற உலோகம். விட்டம் 10 சதவீதம் கூடினாலே பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அவ்வளவு கேஸ் அதிகம் வரும், அதற்கேற்ற காற்று வராது. சிலந்தி கட்டியதை இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். ஊசி செய்ததைச் சரிசெய்யப் புது ஜெட்தான் போட வேண்டியிருந்தது.

சரி, வீட்டுக்காரர் என்னதான் செய்யலாம்? சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறியபின் பர்னர் மூடியை எடுத்துக் கழுவலாம். மூடியில் உள்ள துளைகளைப் பல் குச்சியால் சுத்தம் செய்யலாம். ஈரம் துளிகூட இல்லாமல் காயவிட்டு, பள்ளத்தில் சரியாகப் பொருந்தும்படி வைக்க வேண்டும். மூடி சற்றே சாய்ந்து உட்கார்ந்தாலும் தீ ஒரு பக்கம் மட்டும் எரியும், சில சமயம் 'டப்' என்று உள்ளேயே பற்றிக்கொள்ளும். ஜெட், ஹோஸ், ரெகுலேட்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஆஸ்திரேலியாவில் கேஸ் இணைப்பைப் பிரித்து வேலை செய்ய உரிமம் வேண்டும்.

எல்லா பர்னரும் சேர்ந்து மங்கினால் கதை வேறு. முதலில் சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் வெந்நீர் ஊற்றித் தடவினால், திரவம் இருக்கிற மட்டம்வரை உலோகம் சில்லென்று இருக்கும். சின்ன டப்பா கேஸில் ஓடும் அடுப்பாக இருந்தால் குளிரும் ஒரு காரணம். டப்பாவில் பெரும்பாலும் இருக்கும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். பெரிய சிலிண்டரில் வரும் புரொப்பேனுக்கு மைனஸ் 42 வரை கவலையில்லை. மலைப்பக்கம் காலையில் காபி போட முடியாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் டப்பாக்காரர்கள்தான். கேஸும் இருக்கிறது, குளிரும் இல்லை என்றால் ரெகுலேட்டரைப் பார்க்க ஆள் கூப்பிட வேண்டியதுதான். இங்கே அடுப்புக்கு வர வேண்டிய அழுத்தம் 2.75 கிலோபாஸ்கல், அளந்து பார்க்காமல் கண்ணால் சொல்ல முடியாது. தீ பர்னரை விட்டு எழும்பிக்கொண்டு இரைச்சல் போட்டால் அழுத்தம் கூடியிருக்கலாம். உடனே சிலிண்டரை மூடிவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு புகார்: "நாபை அழுத்திப் பிடிச்சா எரியுது, விட்டா அணைஞ்சிடுது." பர்னர் ஓரத்தில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் பாருங்கள். அது சூடானால் சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகும். அதுதான் உள்ளே வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. தீ அணைந்தால் கம்பி ஆறும், கேஸ் தானாக நிற்கும். பற்றியதும் நாபைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் அதற்குள் கையை எடுத்துவிடுகிறார்கள். கம்பி முனையில் கரி படிந்திருந்தாலும், மேடுபள்ளச் சாலையில் குலுங்கி அதன் நட்டு தளர்ந்திருந்தாலும் இதே தொல்லைதான். நாபை டேப் போட்டு அழுத்தி ஒட்டிவைத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். காற்றில் தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும் அடுப்பு அது. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. டெண்டுக்குள் புகுந்தால் தரையோடு தேங்கும், குழந்தைகள் படுக்கிற மட்டத்தில்.

மழை பெய்கிறது, குளிர்கிறது என்று அடுப்பை டெண்டுக்குள் இழுத்து ஜிப்பைப் போட்டுச் சமைப்பதும் நடக்கிறது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. மஞ்சளாக எரியும் பர்னர் கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். நாள் முழுக்க வண்டி ஓட்டிய களைப்பு என்றே நினைத்துக்கொள்வோம். நீலத் தீயானாலும் மூடிய டெண்டுக்குள் வேண்டாம்.

அந்த யாழ்ப்பாணத்து நண்பர் இப்போது ஷெட்டில் விடும்போது பர்னர்களைக் கழற்றிப் பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிவைக்கிறார், அடுப்பையும் துணியால் இறுக்கி மூடிவிடுகிறார். போன ஈஸ்டருக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சக்கரத்து பேரிங் சத்தம் போடுகிறதாம், தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று கேட்டார்.