தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டு: எந்த இனம் என்று பார்த்துச் சொல்லுங்கள்

கொழுந்து பறிக்கும்போது கிளை கையோடு முறிந்து வந்தால், முறிந்த முனையைத் திருப்பிப் பாருங்கள். பென்சில் பருமனுள்ள தண்டில் குண்டூசித் தலையளவு துளை, உள்ளே தண்டைச் சுற்றி வளையமாக ஓடும் கருத்த சுரங்கம். இதைச் செய்யும் துளைப்பான் வண்டுக்குத் தோட்டங்களில் ஷாட் ஹோல் போரர் என்றே பெயர். கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) முடிந்த இரண்டாம், மூன்றாம் ஆண்டில் தொல்லை கூடும். இலங்கையில் நடுத்தர உயரத் தோட்டங்கள்தான் அதிகம் அடிபடுகின்றன.

இதைப் பட்டை வண்டு என்பதும் உண்டு, அது உறவுமுறைப் பெயர் மட்டுமே. கூன்வண்டுக் குடும்பம், ஸ்கோலிட்டினே துணைக்குடும்பம், ஸைலிபோரினி பிரிவு. ஆனால் இது பட்டையையும் தின்பதில்லை, மரத்தையும் தின்பதில்லை. தாய் வண்டு வாயருகே உள்ள நுண்பைகளில் பூஞ்சை வித்துகளைச் சுமந்துவந்து சுரங்கச் சுவரில் விதைக்கிறது. புழுக்கள் மேய்வது அந்தப் பூஞ்சையை. தேயிலையில் அது ஃபியூசேரியம் அம்புரோசியம். தாய் கறுப்பு, இரண்டு மில்லிமீட்டரை ஒட்டியது. ஆண் அதைவிடச் சிறியது, பறக்காது, கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பது. உடன்பிறந்தவற்றோடு சுரங்கத்துக்குள்ளேயே இணைசேர்ந்துவிடும். பறந்து வெளியே வரும் பெண் ஏற்கெனவே சினையாக இருக்கும். ஒரு வண்டு புது இடத்துக்குப் போனாலே ஒரு கூட்டம் உருவாகிவிடும். விறகுக் கட்டையிலும் நாற்றிலும் இது கடல் தாண்டியது இப்படித்தான்.

வண்டு தண்டுக்குள் இருக்கும்வரை மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. 1950களில் இலங்கையில் டில்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்துப் பார்த்தார்கள். தேயிலை இலைச்சுருட்டுப் புழுவை அடக்கி வைத்திருந்த மேக்ரோசென்ட்ரஸ் குளவி செத்தது. இலைச்சுருட்டுப் புழு பெருகியது. துளைப்பானுக்கு அடித்த மருந்து புதுத் தலைவலியை வாங்கித் தந்தது. கவாத்தின்போது துளையுள்ள குச்சிகளைக் களத்தில் குவித்து வைக்காதீர்கள், உள்ளிருக்கும் வண்டு அவற்றிலிருந்தே வெளிவரும். தென்னிந்தியத் தோட்டங்களில் மோன்டனோவா செடியின் பாதி காய்ந்த தண்டுகளைப் பொறியாக வைப்பதும் உண்டு. வண்டு புகுந்த தண்டுகளைத் தவறாமல் எடுத்து எரித்தால்தான் பலன். மறந்து விட்டால் பொறியே வளர்ப்பிடமாகிவிடும்.

பெயருக்கு வருவோம். இலங்கை மாதிரியை வைத்து 1868இல் பூச்சியியலாளர் ஐக்கோஃப் ஸைலிபோரஸ் ஃபோர்னிகேட்டஸ் என்று விவரித்தார். பிறகு இது யூவல்லேசியா பேரினத்துக்கு மாறியது. நீண்ட காலம் உருவத்தில் ஒத்த எல்லாவற்றையும் இந்தப் பெயரிலேயே போட்டுவிட்டார்கள். இஸ்ரேலிலும் கலிஃபோர்னியாவிலும் அவகாடோ மரங்கள் காயத் தொடங்கியபின் டிஎன்ஏ பார்த்தபோதுதான் பல இனங்கள் கலந்திருப்பது தெரிந்தது. 2018 ஆய்வு ஃபோர்னிகேட்டஸ் பெயரைத் தேயிலை வண்டுக்கும், விட்ஃபோர்டியோடென்ட்ரஸ் பெயரை அவகாடோ வண்டுக்கும் கொடுத்தது. 2019இல் பழைய மூல மாதிரியை மறுபடி அளந்து பார்த்ததில் அது அவகாடோ வண்டோடு பொருந்தியது. ஃபோர்னிகேட்டஸ் என்ற பெயர் அவகாடோ வண்டுக்குக் கைமாறியது.

இப்போது ஃபோர்னிகேட்டஸ் என்றால் பல மரங்களைத் தாக்கும் இனம்: 2017இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவிலும், 2021இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கிழக்கு ஃப்ரீமென்டிலிலும் கண்டுபிடிக்கப்பட்டது. தேயிலைத் துளைப்பான் என்று சொல்லப்படுபவை இதே கூட்டத்தின் ஃபோர்னிகேஷியர், பெர்பிரெவிஸ் என்ற இனங்கள். ஃபோர்னிகேஷியர் தெற்கு, தென்கிழக்கு ஆசியா வட்டாரத்தது. பெர்பிரெவிஸ் ஃபுளோரிடா, ஹவாய் வரை போயிருக்கிறது. நான்காவது இனமான குரோஷியோ தைவான், ஒகினாவா, தெற்குக் கலிஃபோர்னியாவில் உள்ளது. இலங்கையில் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு என்பதால், தேயிலைக்கு அருகில் ஆமணக்கிலோ அவகாடோவிலோ கிடைத்ததை அதே வண்டு என்று எழுதிவிட முடியாது. 2019க்கு முந்தைய கட்டுரையில் ஃபோர்னிகேட்டஸ் என்று கண்டால், எந்த மரம், எந்த ஊர் என்று பார்த்த பிறகே அதிலுள்ள பரிந்துரையை எடுங்கள்.

உருவ அளவுகள் ஒன்றின் மேல் ஒன்று படிவதால் கைலென்ஸ் போதாது. புதுத் துளையுள்ள தண்டைப் பிளந்து, உயிருள்ள பெண் வண்டுகளை 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ வேலைக்கு உதவாது. சீட்டில் மரத்தின் பெயர், ஊர், உயரம், தேதி நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.