டிரெஸ்ஸிங் என்றால் அலங்காரமா?

மொழிபெயர்த்த சமையல் குறிப்புகளில் ‘சாலட் டிரெஸ்ஸிங்’கை, அதாவது சாலட்டில் கலக்கும் எண்ணெய்க் கலவையை, ‘சாலட் அலங்காரம் இரண்டு மேசைக்கரண்டி’ என்று இன்னும் எத்தனை நாள் படிப்பது? டிரெஸ் என்றால் உடுப்பு, உடுப்பு என்றால் அலங்காரம். வெள்ளரிக்காய்க்குப் புடவை கட்டாததுதான் பாக்கி.

‘நேரான’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பழைய பிரெஞ்சு வினைதான் ‘டிரெஸ்’ஸின் வேர். ஒழுங்குசெய், ஆயத்தப்படுத்து என்பதே அதன் பொருள். உடுப்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

அலங்காரம் என்பது கடைசியில் மேலே தூவும் கொத்தமல்லி. அதை எடுத்துவிட்டாலும் உணவு உணவாகவே இருக்கும். டிரெஸ்ஸிங் அப்படியல்ல, இலைக்கு இலை மெல்லிய படலமாக ஒட்ட வேண்டும். மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு காடி (வினிகர், ஈழத்தில் வினாகிரி), அரைத் தேக்கரண்டி கடுகு விழுது. எண்ணெயும் காடியும் சட்டென்று பிரியாமல் பிடித்துவைப்பது கடுகு. இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் வழுக்கி அடியில் தேங்கும். முன்கூட்டியே கலந்து வைத்தால் இலை துவண்டுவிடும். அழகுக்கு மேலே ஊற்றுகிறவருக்கு மேலிலை புளிக்கும், கீழிலை சப்பென்றிருக்கும். தவறான சொல் தவறான செய்முறையில் கொண்டுபோய் விடுகிறது.

‘சுவையூட்டி’ என்பது அடுத்த பரிந்துரை. உணவு உறைகளில் அது சுவைக்காகச் சேர்க்கும் பொருள்களுக்கும் 621 (அஜினமோட்டோ) போன்ற எண்களுக்கும் ஏற்கெனவே போய்விட்டது. ஒரே சீட்டில் குப்பிக்கும் அதன் உட்பொருளுக்கும் ஒரே பெயரா? ‘சாலட் சாறு’ம் நிற்காது. மயோனைஸ் சாறு அல்ல. அமெரிக்காவில் ரேஞ்ச் என்ற மோர், பூண்டு டிரெஸ்ஸிங்கைப் பீட்ஸாவுக்கும் கோழிச் சிறகுக்கும் தொட்டுக்கொள்கிறார்கள். அங்கே சாலட்டே இல்லை.

நம் அடுப்படியில் வினை தயாராக இருக்கிறது: பிசறு. ‘எண்ணெய் விட்டுப் பிசறி வை’ என்று சொல்லாத வீடு உண்டா? ஆகவே டிரெஸ்ஸிங் ‘பிசறுகலவை’. அதையே தொட்டுக்கொண்டால் ‘தொடுகலவை’. சாலட்டை சாலட் என்றே விடலாம், குற்றமில்லை.

இந்தப் பெயர் வெறும் அழகுக்கல்ல. அமெரிக்க விதிப்படி மயோனைஸில் குறைந்தது 65 விழுக்காடு எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் இருந்தாக வேண்டும். குறைந்தது 30 விழுக்காடு எண்ணெயும் மாவுக் கூழும் சேர்ந்தது ‘சாலட் டிரெஸ்ஸிங்’. 1933-இல் வந்த மிராக்கிள் விப் என்ற, மயோனைஸ் போன்ற அமெரிக்கக் குப்பி அந்த வகை. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை வந்தது. அதற்கு மாற்றாகக் கடைகளில் கிடைக்கும் முட்டையில்லாக் குப்பி, அந்த அளவுகோலில் மயோனைஸே அல்ல. அதையும் பிசறுகலவை என்றே சொல்லலாம்.

பெயர்ச்சொல்லையாவது மன்னிக்கலாம், வினைகளை இந்த மொழிபெயர்ப்பாளர்கள் கொன்றுவிட்டார்கள். தெளி, தூவு, விரவு, பிசறு, பிரட்டு, கிளறு என்று ஆளுக்கொரு வேலை செய்யும் சொற்கள் கையில் இருக்க, எல்லாவற்றுக்கும் ‘சேர்க்கவும்’. எலுமிச்சைச் சாற்றையும் சேர்க்கவும், மிளகுத்தூளையும் சேர்க்கவும், கடைசியில் அலங்காரத்தையும் சேர்க்கவும்.