கீழே கடை, மேலே வீடு: ஷட்டர் வைக்கும் முன் பாருங்கள்

வீடும் வேலையும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று நகரமைப்புக் கூட்டங்களில் இப்போது பேசுகிறார்கள். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் காலங்காலமாக அப்படித்தான் இருக்கின்றன. அதையே நீங்கள் இன்று புதிதாகக் கட்டப்போனால்தான் அலைச்சல்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் (2008) நிலத்துக்கு நிலம் உபயோகத்தை வகுத்திருக்கிறது. 'கலப்புக் குடியிருப்பு' என்றால் கடைக்கு வழி உண்டு. 'ஆதாரக் குடியிருப்பு' என்றால் சின்னக் கடையோடு சரி. அதற்கு மேல் நில உபயோக மாற்றம்தான், மாதக்கணக்கில் இழுக்கும். "எதிர்வீட்டில் ஜவுளிக்கடை இருக்கிறதே சார்" என்பது எந்த மேஜையிலும் எடுபடாது.

சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் சர்வே எண் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண், பட்டாவில் இருப்பது டவுன் சர்வே எண். இரண்டும் ஒத்துவராவிட்டால் சிஎம்டிஏவில் தாலுகா ஆபீஸுக்கு அனுப்புவார்கள், தாலுகா ஆபீஸில் சிஎம்டிஏவுக்கே திருப்பி அனுப்புவார்கள். முதலில் பட்டாவைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, 2024-இல் வந்த சுயசான்று அனுமதி, அதாவது விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நீங்களே சான்று கொடுத்து வாங்கும் கட்டட அனுமதி. வந்தபோது இருந்த வரம்பு: 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும். வேகமாகக் கிடைக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் குடியிருப்புக்கு மட்டும். வீடு என்று வாங்கிவிட்டு அப்புறம் ஷட்டர் மாட்டினால், பொய்ச் சான்று கொடுத்தது நீங்கள்தான் என்று ஆகிவிடும். "எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று சொல்லும் இன்ஜினியர் அன்றைக்கு உங்களோடு வரமாட்டார்.

அதைவிட அதிகம் பேர் மாட்டுவது மின்மீட்டரில். எங்கள் தெருவில் ஒரு அக்கா முன்னறையில் ஒரே ஒரு ஜெராக்ஸ் மிஷின் போட்டார், வீட்டு மீட்டரிலேயே. சோதனைக்கு வந்தவர்கள் மிஷினைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி கடைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு. வக்கீல், ஆடிட்டர், டாக்டர் தங்கள் வீட்டிலேயே 200 சதுர அடிக்குள் அறை வைத்தால் வீட்டுக் கட்டணம்தான். ஜெராக்ஸ் மிஷினுக்கு அந்தச் சலுகை கிடையாது!

ஆகவே கடைக்குத் தனி மீட்டர் கேளுங்கள். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டுகளும் தப்பிக்கும். ஏற்கெனவே நோட்டீஸ் வந்துவிட்டதா? முதலில் வருவது தற்காலிக மதிப்பீடுதான். பயந்துபோய் உடனே கட்டிவிடாமல், ஆட்சேபத்தை மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் போட்டு வாங்குங்கள். "தபாலில் போட்டுவிட்டுப் போங்கம்மா" என்று அந்த அக்காவை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதோடுதான் போனார்.