காலையில் புளிக்கும் கீரை

கோடை முதிர்ந்து மண் வெடிக்கத் தொடங்கும் நாட்களில், மற்றக் களைகள் வாடிச் சுருண்ட பிறகும் தரையோடு தரையாகப் படர்ந்து பசுமை மாறாமல் கிடப்பது பருப்புக்கீரை. யாரும் விதைக்காமல் தானே முளைக்கும் இதன் இலையை விடியலில் கிள்ளி மென்றால் நாக்கு கூசும் அளவுக்குப் புளிக்கும். அதே செடியில் மாலையில் கிள்ளிய இலையிலோ புளிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும்.

இந்த மாற்றம் தண்ணீர்ச் சிக்கனத்தால் வருவது. இலைகள் தம் நுண்ணிய துளைகளைத் திறந்துதான் கரியமில வாயுவை உள்வாங்க முடியும்; ஆனால் அதே துளைகள் வழியாக ஈரமும் ஆவியாகிவிடும். ஆகவே வறட்சியில் சிக்கிய பருப்புக்கீரை, பகல் வெயிலில் துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து, கிடைத்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி உயிரணுக்களுக்குள் சேமித்து வைக்கிறது. பொழுது விடிந்ததும் அந்த அமிலம் சிதைந்து, வெளிவரும் வாயு சூரிய ஒளியில் சர்க்கரையாகிறது. நாம் காலையில் சுவைப்பது, செலவாகாமல் இருக்கும் அந்த இரவுச் சேமிப்பைத்தான். இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், இதேபோல் இரவில் அமிலம் சேமிக்கும் வேறொரு செடியான ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் வாயில் இட்டே கண்டறிந்து, 1813-இல் கடிதமாக எழுதினார். கருவிகள் அளப்பதற்கு முன்பே ஒரு மனிதரின் நாக்கு இதைக் கண்டுகொண்டது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பருப்புக்கீரையின் சிறப்பு இதோடு நிற்பதில்லை. நீர் போதுமான அளவு கிடைக்கும்போது அது சோளத்தையும் கரும்பையும் போல, கடும் வெயிலில் விரைந்து வளர உதவும் வேறொரு வகை ஒளிச்சேர்க்கையை நடத்துகிறது. வறட்சி வந்ததும் இரவுச் சேமிப்பையும் சேர்த்துக்கொள்கிறது. இவ்விரண்டும் ஒரே உயிரணுக்களில் இணைந்து நடப்பதை 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நன்றாக நீர் பாய்ந்த செடியில் காலைக்கும் மாலைக்கும் சுவை அவ்வளவாக மாறாததற்குக் காரணம், இரவுச் சேமிப்பு வறட்சியில்தான் தொடங்குகிறது என்பதே.

பறிப்பதற்கு முன் தண்டை ஒடித்துப் பார்ப்பது கட்டாயம். பருப்புக்கீரையின் தண்டு வழவழப்பாகவும் சதைப்பற்றுடனும் பெரும்பாலும் செந்நிறச் சாயலோடும் இருக்கும். ஒடித்தால் தெளிந்த சாறுதான் கசியும். அதன் அருகிலேயே படர்கின்ற, மெல்லிய கம்பி போன்ற தண்டுடைய நச்சுச் செடிகள் சிலவற்றை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அவற்றை உண்ணவே கூடாது. சாலையோரத்திலும் பூச்சிமருந்து தெளித்த நிலத்திலும் வளர்ந்ததைப் பறிக்க வேண்டாம்.

மாலையில் புளிப்பு குறைந்துவிட்டதால், இந்தக் கீரையில் மிகுந்துள்ள ஆக்சாலிக் அமிலமும் குறைந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள் கீரையை வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டால், நீரில் கரையும் ஆக்சலேட்டின் (ஆக்சாலிக் அமிலத்தின் உப்பு வடிவம்) ஒரு பகுதி அதோடு வெளியேறிவிடும்.