"எங்கட காலத்தில இது இருக்கேல்லை, டொக்டர்"

கிளினிக்கில் இந்த வசனத்தைக் கேட்காத மாதம் குறைவு. பெரும்பாலும் தாய்மார்தான் சொல்வார்கள். பிள்ளையை வெளியே வாங்கில் இருத்திவிட்டு, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி: "எங்கட காலத்தில இதுகள் இருக்கேல்லை டொக்டர். இப்ப இந்த போனாலதான் வந்தது." அதற்குள் கோயிலில் நூல் கட்டியாயிற்று, சாத்திரியாரிடம் குறிப்பும் காட்டியாயிற்று. "ஒரு ஊசி போட்டா மாறாதோ?"

மாறாது. மாற்றவேண்டிய நோயும் அல்ல. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பிறப்பில் எழுதப்பட்ட பாலும் ஒருவர் தன்னை உணரும் பாலும் பொருந்தாதிருப்பது, 2022 இல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் மனநோய் அத்தியாயத்தை விட்டு வெளியே வந்தது. இவை இரண்டும் வேறு வேறு. யாரை விரும்புகிறேன் என்பது ஒன்று, நான் யார் என்பது இன்னொன்று. வீட்டார் இரண்டையும் குழைத்து ஒரே வருத்தமாகக் கொண்டுவருவார்கள்.

'எங்கட காலத்தில' என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு முதியவர் ஞாபகம் வருவார். (விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) நித்திரை வரவில்லை என்று வந்தவர். நாலாவது தடவைதான் வாய் திறந்தார். இருபது வயதில் ஒரு சிநேகிதன். பிறகு வீட்டார் பேசிய கலியாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மனைவி தவறி ஒரு வருசம். "இதுக்கு இப்ப ஒரு பேர் இருக்காமே டொக்டர், பேரன் சொன்னவன்." சொன்னேன். அந்தச் சொல்லை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அந்தத் தாய் சொல்லும் அதே காலத்தில், இதே யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்தான் அவரும். இன்னும் பின்னால் போனால், ஆண்மை திரிந்தவரை எந்தப் பாலாகச் சொல்வது என்று தொல்காப்பியமே இலக்கணம் வகுத்திருக்கிறது.

அப்படியென்றால் வீட்டுக்குள் இருந்த சங்கதி ஏன் தெருவுக்கு வந்தது? போனைக் குறைசொல்வது சுகம். ஆனால் இதை முதலில் பொதுவிடயமாக்கியது அரசாங்கம்தான். 1883 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒரே பாலினர் உறவைக் குற்றமாக்கிப் படுக்கையறைக்குள் நுழைந்தன. 1995 இல் அதைத் திருத்தப் போனவர்கள் 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று போட்டு, பெண்களையும் குற்றவாளிகளாக்கினார்கள். இதைத் திருத்த வந்த தனி உறுப்பினர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் சட்டமூலம் நிறைவேறவில்லை. அடுத்த வருசம் பாராளுமன்றம் கலைந்தது.

அதைவிட நெருக்கமான ஒரு கடதாசி எல்லாருடைய பொக்கற்றிலும் கிடக்கிறது. அடையாள அட்டை. பிறந்த வருசத்துக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. பெண் என்றால் ஐந்நூறைக் கூட்டிவிடுவார்கள். முகத்தைப் பார்க்காமலே உங்கள் பாலைச் சொல்லும் எண் அது. அட்டை இல்லாமல் படலையைத் தாண்டமுடியாத காலத்தை நாங்கள் கண்டிருக்கிறோம். அட்டையில் ஒரு பால், முன்னால் நிற்பவரின் உடுப்பிலும் குரலிலும் இன்னொரு பால் என்றால் அந்தச் சோதனைச் சென்றியில் என்ன நடந்திருக்கும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. இன்றைக்குச் சென்றி இல்லை. வங்கிக் கவுண்டர் இருக்கிறது, வேலைக்கான நேர்முகம் இருக்கிறது. இவர்களை ஆள்மாறாட்டப் பிரிவில் பிடித்த சம்பவங்களும் இந்த நாட்டில் உண்டு.

2016 இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்த பிறகு ஒரு வழி திறந்தது. மனநல வைத்தியர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுக்கலாம். அதைக்கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தலாம். என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு ஹோர்மோனைவிட அந்தக் கடதாசிதான் பெரிய மருந்து.

மற்றவை தானாக வந்தன. தமிழ்நாட்டில் 2008 இல் திருநங்கையர் நலவாரியம் அமைந்ததோடு ஒரு மரியாதையான சொல் தொலைக்காட்சி வழியாக எங்கள் குசினிக்குள்ளும் வந்தது. கனடாவில் 2005 இலிருந்தும் சுவிஸில் 2022 இலிருந்தும் ஒரே பாலினர் சட்டப்படி கலியாணம் செய்யலாம். எங்கள் சனம் பாதி அங்கேதானே? பெரியம்மாவின் மகளின் கலியாணப் படம் வட்ஸ்அப்பில் வந்தால், 'வெள்ளைக்காரன்ர பழக்கம்' என்று தள்ளிவிட ஏலாது. படத்தில் இரண்டு பேரும் கூறைச்சேலை.

ஆனால் கலியாணம் கட்டிவைத்தால் சரிவரும் என்ற யோசனை மட்டும் இன்னும் சாகவில்லை. அப்படிக் கட்டிவைத்து, ஒன்றும் தெரியாத இன்னொரு பிள்ளையையும் அழவைத்து, இரண்டு குடும்பமாக என் முன்னால் வந்து இருந்தவர்களைக் கண்டிருக்கிறேன். குளிசை போத்தலோடு அவசர சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் உடம்பைப் பற்றிச் சொல்வது குறைவு. அப்பா கதைப்பதை நிறுத்திய நாளைத்தான் சொல்வார்கள்.

ஊசி கேட்ட அந்த அம்மா மூன்றாம் தடவை தனியே வந்தார். ஊசிக் கதை இல்லை. ஒரு பொலித்தீன் பையிலிருந்து பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்து, மடிப்பை விரலால் நீவினார்.

"இதைத் திருத்திறதெண்டா கச்சேரிக்குப் போகோணுமாம். நானும் கூடப் போகலாமோ டொக்டர்? அவளைத் தனிய விட ஏலாது."

அதுவரைக்கும் அவர் அந்தப் பிள்ளையை 'அவன்' என்றுதான் சொல்லிவந்தவர்.